நீ பேசியதும் மாமன் கேட்டதும்

கண்ணு, நேற்று சாயங்காலம் நீ போனில் சொன்னதற்கு நான் பதில் எதுவும் சொல்லவில்லை. டவர் போய்விட்டது என்று நினைத்திருப்பாய். போகவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், எப்போதும் சிக்னல் கிடைக்கும் இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். உன் குரல் தெளிவாகவே கேட்டது. "கோகிலாவக் கட்டிக்கறேன்னு மாமன்கிட்டச் சொல்லிடறேம்மா. அவ காலேஜ்ல சேந்துருவா. படிச்சு முடிச்சப்பறம் யாரு வந்து கேக்கப் போறாங்க?" என்றாய். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது என்பது உனக்குத் தெரியும். வகுப்பறையில் பிள்ளைகளுக்கு முன்னால் மட்டும்தான் என் குரல் எழும்பும். போனில் நீ வேகமாகப் பேசப் பேச நான் இன்னும் சுருங்கிப் போனேன். அதனால் எழுதுகிறேன். எழுதியதைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்பிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ மலையேறுவதற்குள் முழுவதையும் படித்துவிட வேண்டும்.

உன்னோடு பேச்சுப் போட்டிக்கு வரும் பிள்ளைகளுக்கும், கட்டுரை எழுதக் கற்கும் என் பள்ளிப் பிள்ளைகள் வளர்ந்த பிறகு அவர்களுக்கும் இதைக் காட்டலாம். இன்று காலை கோகிலாவிடம் கேட்டுவிட்டேன். "காட்டட்டும் அத்தை, எம்பேர மறைக்க வேண்டாம்" என்றாள். அப்படிப் படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை: கோகிலா என் அண்ணன் மகள். இந்த வருடம் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தாள். சேலத்தில் நர்சிங் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமைக்குள் போய்ச் சேராவிட்டால் அந்த இடம் வேறு யாருக்கோ போய்விடும். அனுப்ப மாட்டேன் என்கிறார் அண்ணன். எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்போம், ஆவணியில் அப்படி அடுத்த நாட்டுப் பையன் ஒருவனுக்குக் கட்டிக் கொடுத்துவிடலாம் என்று பேச்சும் நடக்கிறது. அவளை அனுப்பச் சொல்லி என் மகன் உறவுக்காரர்கள் எல்லோருக்கும் முன்னால் பேசினான், அருமையாகப் பேசினான். அந்தப் பேச்சினால்தான் கதவு மூடிக்கொண்டது. ஏன் மூடியது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

அடுத்தவர் மனதை அசைப்பது எப்படி என்று உனக்குச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான். நீ ஆறாவது படிக்கும்போது அடுப்புக்கு முன்னால் உட்கார வைத்துச் சொல்லித் தருவேன். முதல் வரியில் தகவலைக் கொட்டாதே, ஒரு கேள்வி கேள், கேட்பவன் தலை நிமிரட்டும் என்பேன். பொதுவாகப் பேசாமல் ஒரு முகத்தைக் காட்டச் சொல்வேன். முக்கியமான வாக்கியத்தை முதலிலும் நடுவிலும் கடைசியிலும் சொல்லச் சொல்வேன். எதிரில் இருப்பவன் என்ன மறுப்பான் என்று யோசித்து அதை நீயே எடுத்து வைத்துப் பதிலும் சொல்லிவிடு என்பேன். முடிவுரையை நீட்டாதே என்பேன். எங்கள் வீட்டில் கல்லூரிப் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். இதையெல்லாம் அஞ்சல்வழிப் பாடப் புத்தகங்களை ஒற்றை ஆளாகப் படித்துத் தெரிந்துகொண்டேன். என்னால் மேடையில் நின்று செய்ய முடியாததை நீ செய்தபோது, கூட்டத்தின் கடைசியில் நின்று உன் வாயசைவோடு என் உதடும் அசைந்ததை நீ பார்த்ததில்லை.

பிளாஸ்டிக் ஒழிப்பு பற்றி ஒன்றியப் போட்டியில் நீ பேசியது ஞாபகம் இருக்கிறதா? ஒரு முகத்தைக் காட்டு என்று நான் சொன்னதை வைத்து, எங்கள் வீட்டுப் பசு லட்சுமி பாலித்தீன் பையைத் தின்று என் மடியிலேயே தலை சாய்ந்து செத்தது என்று பேசினாய். நடுவராக வந்த டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முதல் பரிசு வாங்கினாய். மறுநாள் உன் தலைமையாசிரியர் துக்கம் கேட்க நம் வீட்டுக்கே வந்துவிட்டார். உன் அப்பா வெளியே வந்து, "ஏனுங்க சார், நம்ம ஊட்ல ஆடே இல்லீங்க, மாடு எங்கீங்க செத்துச்சு?" என்று கேட்டுவிட்டார். அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம். தலைமையாசிரியரும் சிரித்தார். இல்லாத பசு செத்ததில் யாருக்கும் நட்டமில்லை. நேற்று நீ போனில் பேசியபோது எனக்கு அந்தப் பசுதான் நினைவுக்கு வந்தது. சிரிப்பு வரவில்லை.

ஆனிக் கடைசியில் உன் சித்தி மகனுக்குக் காது குத்தினோமே, அந்த நாளுக்கு வருகிறேன். உன் மாமன் தாய்மாமன் சீரோடு வந்து, தலையில் உருமால் கட்டி, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வருடத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோதான் அவரைப் போன்ற மனிதருக்கு அப்படி ஓர் இடம் கிடைக்கும். சாப்பாடு முடிந்து எல்லோரும் பந்தலுக்கடியில் உட்கார்ந்திருந்தபோது, உன் அப்பாவின் சித்தப்பா வழக்கம்போல வாயைக் கிளறினார். கோகிலாவைப் பார்த்து, நர்சம்மா எனக்கு எப்போ ஊசி போடப் போறே என்று கேட்டார். அண்ணன் தரையைப் பார்த்தபடி, அதெல்லாம் பொறவு பாத்துக்கலாம் என்றார். அவ்வளவுதான் சொன்னார். முடியாது என்று அப்போது சொல்லவில்லை. நன்றாக யோசித்துப் பார், அந்த நேரம் வரைக்கும் அவர் முடியாது என்று சொல்லவே இல்லை.

நீ எழுந்தாய். "மாமா, ஒரே ஒரு கேள்வி கேக்கறேன்" என்று தொடங்கினாய். அது நான் சொல்லிக் கொடுத்த தொடக்கம். இரவில் வலி எடுத்த ஒரு பெண்ணை ஜீப்பில் கொண்டை ஊசி வளைவுகளில் இறக்கி, அடிவாரத்துக் காரவள்ளிக்குப் போய்ச் சேருவதற்குள் பிள்ளை பிறந்ததைச் சொன்னாய். அவளோடு ஒரு நர்சு இருந்திருந்தால் என்று நிறுத்தினாய். கோகிலா போகட்டும் மாமா என்றாய். மிளகுக் கொடியைக் கட்ட ஆள் வேண்டும் என்று நீங்கள் சொல்வீர்கள், ஆனால் மனுசியை மரத்தோடு சேர்த்துக் கட்டலாமா என்று கேட்டாய். இளவட்டங்கள் கை தட்டினார்கள். மறுபடியும் கோகிலா போகட்டும் மாமா என்றாய். கடைசியில் குரலைத் தாழ்த்தி மூன்றாவது முறையும் அதையே சொல்லிவிட்டு உட்கார்ந்தாய். எந்தப் போட்டியிலும் அதைவிட நீ நன்றாகப் பேசியதில்லை.

நீ கைதட்டிய பையன்கள் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாய். பேச வராதவளுக்குப் பார்க்க நிறைய நேரம் கிடைக்கும், நான் அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் முறை கோகிலா போகட்டும் என்றபோது அவர் உன் முகத்தைப் பார்த்தார். இரண்டாம் முறை அண்ணியைப் பார்த்தார். மூன்றாம் முறை மகளைப் பார்த்தார், பார்த்துவிட்டு மடியில் இருந்த குழந்தையைத் தூக்கி உன் சித்தியிடம் கொடுத்தார். உருமாலை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். தாம்பூலம் வாங்காமல் கிளம்பிவிட்டார். மாமன் வாயடைத்துப் போனார் என்று நீ நினைத்தாய். பஸ் ஏறும்போது, "பாத்தீங்களாம்மா, ஒரு பதிலும் வரல" என்று சந்தோஷமாகச் சொன்னாய். பதில் மறுநாளே வந்தது. காலேஜும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், ஆவணியிலே முடிச்சுடலாம் என்று அண்ணி மூலம் சொல்லி அனுப்பிவிட்டார்.

புதன்கிழமை பள்ளி விட்டதும் நான் அவர் வீட்டுக்கு நடந்து போனேன். வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போன வாக்கியங்கள் வாசலில் மறந்து போயின. அண்ணன் களைக்கொத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். "வா கண்ணு" என்றார். கோபம் இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. அண்ணி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, வலிக்கிற முழங்காலை நீட்டிச் சுவரோரம் உட்கார்ந்தார். நான் தொடங்குவதற்குள் அண்ணனே தொடங்கிவிட்டார்.

"உம்பட பையன் நல்லாத்தான் பேசினான் புள்ள. எனக்கே கை தட்டோணும் போல இருந்துச்சு. ஆனா எம் பொண்ண வேண்டாம்னு அத்தன சனத்துக்கு முன்னால சொல்லிப்புட்டானே."

"அப்புடிச் சொல்லலீங்கண்ணா. படிக்க அனுப்புங்கன்னுதான் சொன்னானுங்க."

"கட்டிக்கப் போறவன் அனுப்புங்கன்னு சொல்லமாட்டான் கண்ணு. அவ படிக்கட்டும், நான் பாத்துக்கறேன்னு சொல்லுவான். இவன் போகட்டும் போகட்டும்னு மூணு வாட்டி சொல்றான். எங்க போகட்டும்? எவன் ஊட்டுக்குப் போகட்டும்?"

அண்ணி என் பக்கம் திரும்பாமலே, தனக்கும் அப்படித்தான் கேட்டது என்றார். பந்தலில் இருந்த பெரியவர்கள் எல்லோருக்கும் அப்படித்தான் கேட்டிருக்கிறது. அத்தை மகனே கையை விட்டுவிட்டான், பெண்ணுக்கு என்ன குறையோ என்று தண்ணீர் எடுக்கிற இடத்தில் பேச்சு ஓடியிருக்கிறது. அந்தப் பேச்சு பரவுவதற்குள் ஆவணியிலே ஒரு கல்யாணத்தை வைத்து வாயை அடைக்கப் பார்க்கிறார் அண்ணன். இப்போது அவளைக் கல்லூரிக்கு அனுப்பினால், கட்டிக்கொள்ள ஆளில்லாததால் மலையை விட்டுக் கீழே அனுப்பிவிட்டான் என்று ஊர் சொல்லும் என்பது அவர் பயம். உன் பேச்சில் இருந்தது படிப்பு. அவர் காதில் விழுந்தது முறை.

நீ கோகிலாவைக் கூடப் பிறந்தவளாகத்தான் நினைக்கிறாய் என்பது எனக்குத் தெரியும். திருச்சிக்குப் போன பிறகு முறைப் பையன், முறைப் பெண் என்பதெல்லாம் உனக்குக் கேலிப் பேச்சாகிவிட்டது. தப்பில்லை. ஆனால் உன் மாமனுக்கு அது கேலி இல்லை. நீ பிறந்த நாளிலிருந்து அவர் மனதில் உனக்கென்று ஓர் இடம் வைத்திருக்கிறார். அந்த இடத்திலிருந்து நீ விலகுவதானால் அதற்கு நம் பக்கத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. முறைக்காரன் தானே மாமன் வீட்டுக்கு நடந்து போய், வெற்றிலை பாக்குத் தட்டை அவர் கையில் கொடுத்து, குறை பெண்ணிடம் இல்லை, என் மனசு அப்படி இல்லை, முறையை விட்டுக் கொடுக்கிறேன் என்று தன் வாயால் சொல்ல வேண்டும். அதன் பிறகு அந்தப் பெண் எங்கே போனாலும் தலை நிமிர்ந்து போகலாம். அதே சேதியைத்தான் நீ பந்தலில் சொன்னாய். வெற்றிலை இல்லாமல், தாய்மாமன் இடத்தில் அவர் உட்கார்ந்திருந்தபோது, சொல்கிறோம் என்று தெரியாமலே சொன்னாய். எதிரில் இருப்பவன் என்ன மறுப்பான் என்று யோசி என்று உனக்குச் சொல்லிக் கொடுத்தேன். நீயும் மிளகுக் கொடி வரைக்கும் யோசித்தாய். கேட்கிறவன் காதில் நம் பேச்சு போய் விழுவதற்கு முன்பே அங்கே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பது எந்தப் பாடத்திலும் இல்லை.

மாமன் படிப்புக்கு விரோதி இல்லை. இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். நான் பத்தாவது முடித்ததும் உன் தாத்தா பள்ளியை நிறுத்தச் சொன்னார். ஐந்தாவதோடு நின்றுவிட்ட அண்ணன் அப்போது தாத்தாவிடம் ஒரு வாதமும் செய்யவில்லை. மறுநாள் விடிவதற்குள் எழுந்து நான் செய்ய வேண்டிய சாணி வேலையையும் தண்ணீர் வேலையையும் அவரே செய்தார். குச்சிக்கிழங்குக் காட்டுக்கு எனக்குப் பதிலாகவும் போனார். பையன் சாணி அள்ளுகிறான் என்று மற்றவர்கள் கிண்டல் செய்தார்கள். சில நாள் பார்த்த தாத்தா, "அவ பள்ளிக்கூடத்துக்கே போவட்டும், உன்னை இப்புடிப் பாக்க முடியல" என்று சொல்லிவிட்டார். நான் பன்னிரண்டாவது படித்ததும், கல்யாணத்துக்குப் பிறகு உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு பட்டம் படித்ததும் அந்தச் சாணியில் தொடங்கியதுதான். உன் பேச்சை மனதுக்குள் மறுபடி ஓட்டிப் பார்த்தேன். அனுப்புங்கள், விடுங்கள், யோசியுங்கள் என்று எல்லாமே மாமன் செய்ய வேண்டியவை. நீ என்ன செய்யப் போகிறாய் என்று ஒரு வரிகூட அதில் இல்லை.

இப்போது நீ போனில் சொன்ன வழிக்கு வருகிறேன். அது உனக்குத் தானாகத் தோன்றியதில்லை என்று எனக்குத் தெரியும். புதன்கிழமை நான் அண்ணன் வீட்டிலிருந்து கிளம்பும்போது அவர் வழி வரைக்கும் வந்து, "அவன் வந்து கோகிலா எனக்குத்தான்னு ஒரு வார்த்தை சொல்லட்டும் புள்ள. நாளைக்கே நானே கூட்டிட்டுப் போய்ச் சேத்துட்டு வாரேன்" என்றார். இதை வீட்டில் சொன்னேன். உன் அப்பா கிழங்கு லாரியைக் கழுவிக்கொண்டே, "ஒரு வார்த்தைதான? சொல்லிட்டுப் போறான். இவனென்ன பத்திரத்துலயா கையெழுத்துப் போடறான்?" என்றார். பக்கத்தில் பீடி பிடித்துக்கொண்டிருந்த அவர் சித்தப்பா, வக்கீலுக்குப் படிக்கிறவனுக்குப் பொய் சொல்லவும் சொல்லிக் கொடுக்கணுமா என்று கேட்டுச் சிரித்தார். அப்பா உனக்குப் போன் போட்டது அதற்குப் பிறகுதான். அவர்மேல் கோபப்படாதே. அந்தப் பெண் படிக்க வேண்டும் என்று அவருக்கும் நிஜமாகவே ஆசை. அந்த ஒரு வார்த்தை பலிக்கும் என்பதும் உண்மை. நீ இதுவரை பேசியதிலேயே மிகச் சிறியதும் உடனே பலிப்பதுமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும். அதனால்தான் இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

கோகிலாவிடம் யாரும் கேட்கவில்லை என்பது எனக்கு நேற்றுக் காலையில்தான் உறைத்தது. பள்ளிக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு அவர்கள் மிளகுத் தோட்டத்துக்குப் போனேன். சாரல் போட்டுக்கொண்டிருந்தது. சில்வர் ஓக் மரத்தில் ஏணியைச் சாய்த்து, தலையில் உரச் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, புதுக் கொடிகளை மரத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். மனுசியைக் கட்டலாமா என்று நீ கேட்ட அந்த வேலையை அவள் எவ்வளவு பதமாகச் செய்கிறாள் என்று நீ பார்க்க வேண்டும். கொடி நசுங்காமல், நழுவாமல் கட்டுகிறாள். இந்த வேலை பிடிக்காமல் படிக்கக் கேட்கவில்லை அத்தை, இதுவும் பிடிக்கும் என்றாள். உன் பேச்சில் இது இல்லை. அவளைக் கேட்டிருந்தால் இருந்திருக்கும்.

உன் அப்பாவிடம் நீ பேசினாயா என்று அவளிடம் கேட்டேன். தினமும் சோறு போடும்போது, நான் போறேன்ப்பா என்று மட்டும் சொல்கிறாளாம். அதற்கு மேல் ஒன்றும் சொல்வதில்லையாம். அவர் பதில் சொல்வதில்லை, ஆனால் சொல்லாதே என்றும் சொல்வதில்லை. பிறகு நான் தயங்கித் தயங்கி, உன்னைச் சொல்லச் சொல்லி அண்ணன் கேட்ட அந்த ஒரு வார்த்தையைப் பற்றிச் சொன்னேன். அவள் ஏணியிலிருந்து இறங்கி வந்தாள். கையில் இருந்த நாரைச் சுற்றிக்கொண்டே நின்றாள்.

"வேண்டாம் அத்தை. மாமா சொல்ல வேண்டாம்." அவள் மாமா என்றது உன்னைத்தான்.

"சொன்னா உங்கப்பா திங்கக்கிழமையே கூட்டிட்டுப் போயிருவாரு கண்ணு."

"கூட்டிட்டுப் போவாருங்க. ஆனா மாமா அப்புடிச் சொன்னா நானும் நம்பிடுவேனுங்க. பொய்யின்னு தெரிஞ்சாலும், அங்க தனியா உக்காந்திருக்கறப்ப கொஞ்சம் கொஞ்சமா நம்பிடுவேன். அதான் பயம்."

சொல்லிவிட்டு ஏணியில் ஏறிவிட்டாள். நான் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. அவள் மனதில் என்ன இருக்கிறது என்று நானாக ஊகித்து இங்கே எழுதவும் மாட்டேன். அவள் சொன்னதை மட்டும் அப்படியே எழுதியிருக்கிறேன். காட்டட்டும் என்று அவள் சொன்னதும் இதையும் சேர்த்துத்தான். ஒருவரை நம்ப வைக்க நாம் சொல்லும் பொய் அவரோடு நிற்பதில்லை கண்ணு. பக்கத்தில் நிற்கிறவர்களும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மாமனுக்காக நீ சொல்லப் போகும் வார்த்தையை வைத்துக்கொண்டு இனி வரும் வருடமெல்லாம் வாழ வேண்டியவள் அவள்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை நீ வா, ஆனால் அந்த வார்த்தையோடு வராதே. காலையில் முதல் பஸ்ஸிலேயே வந்துவிடு. வெற்றிலை பாக்கும் தட்டும் நான் எடுத்து வைத்திருப்பேன். அப்பாவிடம் நானே பேசிக்கொள்கிறேன். மாமன் வீட்டுக்கு நீயும் நானும் மட்டும் போவோம். அப்பாவின் சித்தப்பா கூட வருவேன் என்றால் வேண்டாம் என்று சொல்லும் தைரியத்தை அதற்குள் நான் சேர்த்துக்கொள்கிறேன். அங்கே போய் எதையும் கேள்வியில் தொடங்காதே. பந்தலில் நான் பேசியது உங்களுக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை மாமா, இப்போது தெரிகிறது என்று சொல். உங்கள் இடத்தில் நீங்கள் உட்கார்ந்திருந்தபோது உங்கள் பெண்ணைப் பற்றி ஊர் பேசும்படி செய்துவிட்டேன் என்று சொல். அவர் பயப்படுவதை அவர் சொல்வதைவிடச் சரியாக நீ சொல்ல வேண்டும். அதில் ஒரு சொல்கூட அவரைச் சின்னதாக்கக் கூடாது. அவர் ஆமாம் என்று தலையசைக்கும் வரை அடுத்த பேச்சுக்குப் போகாதே. அவசரப்பட்டால் மறுபடியும் பந்தலுக்கே போய்விடுவாய்.

அதன் பிறகு தட்டைக் கொடுத்து, முறையை விட்டுக் கொடுக்கிறேன் என்று சொல். சுற்றி வளைக்காதே. நாகரிகத்துக்காக இப்போதைக்கு, பிறகு பார்க்கலாம் என்றெல்லாம் சேர்க்காதே. அந்தச் சொற்களில்தான் நம்பிக்கை போய் ஒட்டிக்கொள்ளும். கோகிலா அங்கேயே நிற்பாள். அவள் முகத்தைப் பார்த்துப் பயந்து வார்த்தையை மாற்றிவிடாதே. பிறகு, நீ செய்யப் போவதைச் சொல். அவள் இல்லாதபோது கொடி கட்டவும் களை எடுக்கவும் லீவில் எல்லாம் நீ வருவாய் என்றால் சொல். வர மாட்டாய் என்றால் சொல்லாதே. முழங்கால் வலிக்கிற அண்ணிக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கப் பள்ளி விட்டு நான் தினமும் போவேன் என்று நான் சொல்வதாக இருக்கிறேன். அவ்வளவு நீளமான வாக்கியம் அண்ணன் முன்னால் எனக்கு வருமா என்று தெரியவில்லை. வராவிட்டால் போய்க் குடத்தை எடுத்துக்கொள்கிறேன்.

இதற்கு மேல் எதுவும் பேசாதே. படிப்பின் பெருமையை அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. கட்டுரைக்கு முடிவுரை எழுதாவிட்டால் மதிப்பெண் குறைப்பேன் என்று எத்தனையோ பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். இங்கே முடிவுரையை மாமனுக்கு விட்டுவிடு. அவர் பேசாமல் எழுந்து தோட்டத்துக்குப் போகலாம். உன்னைத் திட்டலாம். ஆவணிப் பேச்சையே பிடித்துக்கொண்டு நிற்கலாம். நாம் ஜெயிப்போம் என்று என்னால் உனக்குச் சொல்ல முடியவில்லை. திங்கட்கிழமை சேலம் பஸ்ஸில் அவள் இருப்பாளா என்று எனக்கு உண்மையாகவே தெரியவில்லை. ஒரு பொய்யைச் சொன்னால் இருப்பாள் என்பது மட்டும் தெரியும். தெரிந்தும் சொல்ல வேண்டாம் என்கிறேன். அந்த இடம் போனால் அதில் என் பங்கும் உண்டு என்று கோகிலாவிடம் சொல்லிவிட்டேன். சரிங்கத்தை என்றாள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதை எழுதத்தான் இவ்வளவு நேரம் தயங்கிக்கொண்டிருந்தேன். நீ ஞாயிற்றுக்கிழமை வருகிறாய் என்று இன்று காலை அண்ணனிடம் சொல்லிவிட்டு வந்தேன். எதற்கு என்று சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவன் நீ. அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது கண்ணு. "எம் மருமவன் வாரானா?" என்று அண்ணியைக் கூப்பிட்டுச் சொன்னார். அண்ணி அந்த முழங்காலோடு எழுந்து போய், கொல்லையில் மேய்ந்துகொண்டிருந்த பெரிய சேவலைப் பிடித்துக் கூடையில் கவிழ்த்தார். நாம் போய்ச் சேரும்போது குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும். முதலில் சாப்பிடு சாமி, பேச்சு எங்கே போகுது என்றுதான் மாமன் சொல்வார். கேட்காதே. இலை போடுவதற்கு முன்னாலேயே சொல்லிவிடு. அவர் வீட்டுச் சோற்றை, அவர் என்ன நினைத்துப் போடுகிறார் என்று தெரிந்துகொண்டே நீ சாப்பிடக் கூடாது.

எல்லாம் சொல்லி முடித்த பிறகும் அவர் உன்னைச் சாப்பிடச் சொன்னால், நான் குடத்தோடு தண்ணீருக்குப் போயிருந்தாலும் எனக்காகக் காத்திருக்காமல் உட்கார்ந்துவிடு.

அம்மா